வரி மீனும் வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வியும்



இந்த வலைப்பூவில் வழக்கமாக வலிமிகும் இடம், வலிமிகா இடம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்புப் பழக்கம் என்றே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு மீனைப் பற்றி எழுதப் போகிறேன். மீன் என்றதும் குழம்புச் சட்டி நினைவுக்கு வந்தால் மன்னிக்கவும்! இது குழம்புக்கு உதவாத மீன். மூன்று, நான்கு செண்டிமீட்டர் நீளம்தான். ஆனால், நம் பிள்ளைகளின் மனத்தில் நெடுங்காலமாகத் தைத்திருக்கும் ஒரு முள்ளை எடுக்க இது உதவும் என்று நான் நம்புகிறேன்.

உடலின் நீளவாக்கில் கருநீலக் கோடுகள் ஓடுவதால் இதனை வரிக்குதிரை மீன் என்பர். சுருக்கமாக வரி மீன் என்றே இங்கு எழுதுகிறேன். அறிவியல் பெயர் டேனியோ ரெரியோ. கங்கை ஆற்றின் மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர்தான் இதனை முதன்முதலில் அறிவியல் உலகிற்கு விவரித்தவர். இந்தியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளில் ஓடைகளின் ஓரத்திலும் நெல் வயல்களின் நீரிலும் வாழ்வது. ஆக, இது தெற்காசியாவின் மீன். நம் முன்னோர்களைப் போலவே கடல் கடந்து உலகமெங்கும் சென்று உழைக்கிறது!

வகுப்பறைக்கு மீன் வந்த கதை

சிரம்பானில் உள்ள மீன் கடை ஒன்றில் சில ரிங்கிட்டிற்கு ஆறு வரி மீன்களை வாங்கி வந்து வகுப்பறைத் தொட்டியில் விட்டேன். எங்கள் பள்ளி செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. என் பெற்றோர் காலத்தில் அவையெல்லாம் பால்மரக்காடுகள். பிள்ளைகள் கால்வாயில் மீன் பிடித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு மீன் புதிதல்ல. ஆனால், ஒரு முட்டை உயிராகும் வழியைக் கண்ணால் பார்ப்பது புதிது.

வரி மீன் தன் முட்டையையே தின்றுவிடும். அதனால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைத்தோம். விடியற்காலை வெளிச்சம் பட்டதும் மீன்கள் முட்டையிடும். முட்டைகள் குண்டுகளின் இடுக்கில் விழுந்து தப்பிவிடும். அவற்றைக் கண்ணாடித் தட்டில் எடுத்து, பள்ளியின் பழைய நுண்ணோக்கியின் கீழே வைத்தோம். வெளிநாட்டு ஆய்வகங்களில் இம்மீனுக்காகத் தண்ணீரை 28.5 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி வைப்பார்களாம். நமக்கு அந்தச் செலவும் இல்லை. நெகிரி செம்பிலான் வெயில் இலவசமாகவே அதனைப் பார்த்துக்கொள்கிறது.

முட்டை கண்ணாடி போன்றது. உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். முதல் நாள் காலையில் ஓர் உயிரணு இரண்டாகி, நான்காகி, எட்டாவதைப் பார்த்தோம். மறுநாள் காலையில் தலையும் வாலும் கண்ணும் உருவாகியிருந்தன. சற்று நேரத்தில் இதயம் துடிப்பதைக் கண்ட ஒரு மாணவன், "டீச்சர், இது உயிரோட இருக்கு!" என்று கூவினான். இரண்டாம் நாள் கண்ணாடி போன்ற அந்த உடலில் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அது என்னவென்று பிள்ளைகள் கேட்டார்கள். "அதன் பெயர் மெலனின். நம் தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தருவதும் இதே பொருள்தான்" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. முன் வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவி. அவளுடைய அக்காவும் எங்கள் பள்ளியில் படித்தவள். அக்கா வெளுப்பு, இவள் கறுப்பு. பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பெறும் கூறுகளைப் பற்றி அறிவியல் பாடத்தில் முன்பே படித்திருந்தோம். அதை நினைவில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"டீச்சர், அப்படின்னா எங்க அக்காவுக்கு நல்ல மரபணு கிடைச்சு, எனக்குக் கெட்டது கிடைச்சிருச்சா?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. சிரிக்கும் அளவுக்குக்கூட அக்கேள்வி அவர்களுக்கு விந்தையாகப் படவில்லை என்றுதானே பொருள்?

"நல்லது, கெட்டது என்று மரபணுவில் எழுதியிருக்காதம்மா. உனக்கு முழுமையான பதிலைத் தருகிறேன், கொஞ்சம் பொறு" என்றேன். அந்தப் பதிலைத்தான் இங்கு எழுதுகிறேன். இதில் வியப்பு என்னவென்றால், பதிலின் பெரும்பகுதி அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே மீனிடம் இருந்தது!

பெரட்டுக்கு வராத ஆள்

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம் தோட்ட வாழ்க்கையிலிருந்தே இதனை விளக்கலாம்.

விடியற்காலையில் பெரட்டு நடக்கிறது. கிராணி பெயர் வாசிக்கிறார். ஓர் ஆள் வரவில்லை. அவர் என்ன வேலை செய்பவர் என்று உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். எப்படி அறிவீர்கள்? அன்று எந்த வேலை நின்று போகிறதோ அதைப் பார்த்தால் போதும். பால் லாரி கிளம்பவில்லையென்றால் அவர் லாரி ஓட்டுநர். புகைக்கூண்டில் நெருப்பு எரியவில்லையென்றால் அவர் புகைக்கூண்டு வேலையாள். மரபணு ஆய்வின் அடிப்படையும் இவ்வளவுதான். ஒரு மரபணுவை நிறுத்திப் பார். உடலில் எது கெடுகிறதோ, அதுவே அந்த மரபணுவின் வேலை.

மனிதரிடம் இப்படிச் செய்து பார்க்க முடியாது, செய்யவும் கூடாது. அதனால்தான் இந்த மீன் தேவைப்பட்டது. முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, ஒளி ஊடுருவுகிறது. ஒரு பெண் மீன் வாரந்தோறும் நூறு, இருநூறு முட்டைகள் இடுகிறது. மூன்று மாதத்தில் குஞ்சு பெரிய மீனாகிறது. இவையெல்லாம் சேர்ந்து கிடைக்கும் முதுகெலும்புள்ள விலங்குகள் மிகச் சில.

இதனை முதலில் உணர்ந்து பெரிய அளவில் உழைத்தவர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1981ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் அவர் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, தாயின் மரபணுக்களை மட்டுமே கொண்ட வரி மீன்களை உருவாக்கிக் காட்டியது. அந்த ஆய்வில் அடையாளமாகப் பயன்பட்ட மீன் ஒன்று உண்டு. அதன் உடலில் கோடுகள் வெளிறியிருக்கும். அதற்குப் 'பொன்னிற மீன்' என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

அதன்பின் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, குருட்டாம்போக்கில் தேடுதல். ஜெர்மனியின் தூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அம்மையாரின் குழுவும், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வுல்ஃப்காங் டிரீவர் குழுவும் ஆண் மீன்களை மரபணு மாற்றம் உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள் கலந்த நீரில் விட்டார்கள். எந்த மரபணு கெட்டது என்று முன்கூட்டித் தெரியாது. பேரக் குஞ்சுகள், கொள்ளுப் பேரக் குஞ்சுகள் வரை வளர்த்து, எதற்கு இதயம் சரியில்லை, எதற்குக் காது இல்லை, எதற்கு நிறம் இல்லை என்று ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1996 டிசம்பரில் 'டெவலப்மென்ட்' என்ற இதழ் முழுவதும் இந்த முடிவுகளே வெளிவந்தன. தூபிங்கனில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்ற மீன்கள் கண்டறியப்பட்டன. எத்தனை பேரின் கண்கள் எத்தனை நாள் வலித்திருக்கும்!

இரண்டாவது, வாயடைத்தல். மரபணு நேரடியாக வேலை செய்வதில்லை. அது தூது ஆர்.என்.ஏ. என்ற ஓலையை அனுப்புகிறது. அந்த ஓலையைப் படித்துத்தான் உயிரணு புரதத்தைச் செய்கிறது. 'மார்ஃபோலினோ' என்ற சிறு மூலக்கூறு அந்த ஓலையின் மேல் ஒட்டிக்கொண்டு அதனைப் படிக்க விடாது. இதனை வரி மீன் முட்டையில் ஊசியால் செலுத்தும் முறையை 2000ஆம் ஆண்டில் நாசெவிசியஸ், எக்கர் ஆகிய இருவரும் வெளியிட்டனர். ஆள் பெரட்டுக்கு வந்துவிட்டார். ஆனால், அவருக்குரிய வேலைச் சீட்டை யாரோ மறைத்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். சில நாள் வரைதான் இதன் பயன், பிறகு மறைந்துவிடும்.

மூன்றாவது, ஒளிரச் செய்தல். ஒளிரும் சொறிமீனின் மரபணுவை வரி மீனில் சேர்த்தால் மீன் பச்சையாக ஒளிரும். இதயத்தில் மட்டும், நரம்பில் மட்டும் ஒளிரும்படியும் செய்யலாம். உறுப்பு வளர்வதை உயிரோடிருக்கும்போதே பார்க்கலாம். நம் அண்டை நாடான சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் ஷியுவான் குழுவினர் உருவாக்கிய ஒளிரும் வரி மீன்களே பின்னர் அமெரிக்காவில் வளர்ப்பு மீனாகவும் விற்பனைக்கு வந்தன.

நான்காவது, குறிபார்த்து வெட்டுதல். இன்று எல்லோரும் பேசும் 'கிரிஸ்பர்' இதுதான். வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்று டி.என்.ஏ.வில் சரியான இடத்தைக் காட்டும். 'காஸ்9' என்ற நொதி அங்கே வெட்டும். உயிரணு அவசரமாக ஒட்டவைக்கும்போது எழுத்துப் பிழை ஏற்பட்டு மரபணு செயலிழக்கும். 2013ஆம் ஆண்டில் வரி மீன் கருவில் இது வெற்றியாகச் செய்யப்பட்டது. இம்முறையை உருவாக்கியதற்காக எம்மானுவெல் ஷார்பான்டியே, ஜெனிபர் டவுட்னா என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள் என்பதை நம் பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அதே 2013ஆம் ஆண்டில் வரி மீனின் முழு மரபணு வரிசையும் வெளிவந்தது. மனிதரின் மரபணுக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 70க்கு இம்மீனில் இணையான மரபணு உண்டு என்பது அதில் தெரிந்தது.

ஒரு செய்தி ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் பொருந்தும். 2015ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகள் ஒரு சிக்கலைக் கண்டார்கள். மார்ஃபோலினோவால் வாயடைத்தால் குறை தெரிகிறது. அதே மரபணுவை நிரந்தரமாகக் கெடுத்தால் சில மீன்களில் குறையே தெரிவதில்லை! ஏன்? மரபணு கெட்டுப் போனதை உணர்ந்து அதன் உறவு மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்து ஈடுகட்டிவிடுகின்றன. வராத ஆளின் வேலையை அவர் தம்பி இரட்டைச் சுமையாகச் செய்துவிட்டால் கிராணிக்கு ஒன்றும் தெரியாதல்லவா? அதனால் இன்று ஒரே ஒரு சோதனையை வைத்து எவரும் முடிவு சொல்வதில்லை. ஒரு தேர்வை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள் என்று நாம் சொல்வதை அவர்களும் வேறு வழியில் கற்றுக்கொண்டார்கள் போலும்.

பொன்னிற மீனின் மறைபொருள்

இப்போது அந்தப் பொன்னிற மீனுக்கு வருவோம். இயல்பான வரி மீனின் கருவில் இரண்டாம் நாள் முடிவதற்குள் கறுப்பு நன்கு தெரியும். பொன்னிற மீனின் கருவிலோ அந்நேரத்தில் கறுப்பு தெரியாது; மூன்றாம் நாளில்தான் இலேசாகத் தலைகாட்டும். எந்த ஆள் பெரட்டுக்கு வரவில்லை?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் செங் தலைமையிலான குழு பல்லாண்டு தேடி, 2005 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் விடையை வெளியிட்டது. அந்த மரபணுவின் பெயர் எஸ்.எல்.சி.24ஏ5. பொன்னிற மீனில் அதன் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்தால் வாக்கியத்தின் நடுவிலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. புரதம் பாதியில் நின்றுவிட்டது. எழுத்துப் பிழை பொருளைக் கெடுக்கும் என்று தமிழாசிரியர்கள் சொல்வது வீண் இல்லை!

அவர்கள் அதனை எப்படி உறுதிசெய்தார்கள் என்பதுதான் அழகு. இயல்பான மீனின் முட்டையில் மார்ஃபோலினோவைச் செலுத்தி இந்த மரபணுவை வாயடைத்தார்கள். குஞ்சு பொன்னிற மீனைப் போல வெளிறியது. பொன்னிற மீனின் முட்டையில் சரியான தூது ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினார்கள், குஞ்சுக்குக் கறுப்பு திரும்பியது. அடுத்து, மனிதரின் அதே மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினார்கள். அப்போதும் மீனுக்குக் கறுப்பு திரும்பியது! வேறு தோட்டத்திலிருந்து வந்த ஆள், வந்த அன்றே இந்தத் தோட்டத்து வேலையைத் தடையின்றிச் செய்துவிட்டார். மீனும் மனிதரும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகியும் அந்த வேலை மாறவில்லை.

பிறகு மனிதர்களிடம் இந்த மரபணு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு வடிவங்கள். பழைய வடிவம் ஆப்பிரிக்கர், கிழக்காசியர் ஆகியோரிடம் மிகப் பெரும்பாலும் காணப்படுகிறது. ஓர் எழுத்து மாறிய புதிய வடிவம் ஐரோப்பியரிடம் ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது. ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையே உள்ள நிற வேறுபாட்டில் நூற்றுக்கு 25 முதல் 38 வரை இந்த ஒரே மாற்றத்தால் வருகிறது என்று கணக்கிட்டார்கள்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். நம் சீன நண்பர்களில் பெரும்பாலோர் வெளுப்பு. ஆனாலும், இந்த மரபணுவைப் பொறுத்தவரை அவர்களிடம் இருப்பது கறுத்த ஆப்பிரிக்கரிடம் இருக்கும் அதே பழைய வடிவம்! அவர்களின் வெளுப்பு வேறு மரபணுக்களின் வழியாக வந்தது. தோலின் நிறத்தைப் பார்த்து மனிதரை வகை பிரிப்பது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம்மவர் பற்றிய ஆய்வு

ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013இல் இதே மரபணுவைத் தெற்காசியரிடம் ஆராய்ந்து வெளியிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் தென்பகுதியைச் சேர்ந்த 1,228 பேரின் தோல் நிறத்தைக் கருவியால் அளந்தார்கள். அவர்களிடையே காணப்பட்ட நிற வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 27 இந்த ஒரு மரபணுவால் விளங்கியது. மீதி 73? வேறு மரபணுக்கள், வெயில் முதலிய பிற காரணங்கள்.

54 மக்கள் பிரிவினரிடம் தேடியபோது புதிய வடிவம் துணைக்கண்டமெங்கும் பரவலாக இருந்தது. அளவுதான் பிரிவுக்குப் பிரிவு மாறியது. தெற்காசியரின் புதிய வடிவமும் ஐரோப்பியரின் புதிய வடிவமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. அதன் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள் என்று மதிப்பிட்டார்கள். வட இந்தியாவில் இவ்வடிவத்தை இயற்கை தேர்ந்தெடுத்துப் பரப்பியதற்குத் தடயம் இருந்தது, தென்னிந்தியாவில் இல்லை. அதாவது, நம் முன்னோர் வாழ்ந்த வெயிலில் வெளுப்பாக இருப்பதால் எந்தச் சிறப்பு நன்மையும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்தது. கீத் செங் குழுவினரும் மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்கள் 492 பேரின் தோலில் உள்ள மெலனின் அளவைக் கணக்கிட்டு 2012இல் வெளியிட்டார்கள். மிகக் குறைந்த அளவு 28. மிக உயர்ந்த அளவு 75. இந்த இரு எல்லைகளும் செனோய் என்ற ஒரே பிரிவினரிடமே காணப்பட்டன! ஒரே மக்கள்; ஒரே காடு; அதில் அத்தனை நிறம். ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும் வேறு நிறமாக இருப்பதில் வியப்பேது?

அம்மாணவிக்கு நான் சொன்ன பதில்

மறுவாரம் வகுப்பில் இரண்டு மீன் படங்களைக் கரும்பலகையில் ஒட்டினேன். ஒன்று இயல்பான வரி மீன். மற்றொன்று பொன்னிற மீன். "இவற்றில் எதனுடைய மரபணு முழுமையாக வேலை செய்கிறது?" என்று கேட்டேன். பெரும்பாலோர் பொன்னிற மீனையே காட்டினார்கள். 'பொன்' என்ற சொல் அவர்களை அப்படி இழுத்தது. முழுமையாக வேலை செய்வது கறுப்புக் கோட்டு மீனின் மரபணுதான் என்று சொன்னபோது வகுப்பு அமைதியானது.

பிறகு இப்படிச் சொன்னேன்:

"மனிதரிடம் இந்த மரபணுவின் பழைய வடிவம்தான் முதலில் இருந்தது. எல்லாருடைய மூதாதையரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். பிறகு ஒருவரிடம் ஓர் எழுத்து மாறியது, அது பரவியது. வெயில் குறைந்த நாடுகளில் வெளுத்த தோல், உடல் வைட்டமின் டி உண்டாக்கிக்கொள்ள உதவியிருக்கும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். வெயில் மிகுந்த நாடுகளில் கறுத்த தோல் குடையாக நின்று புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. அக்காவின் வடிவம் நோயன்று, உன்னுடையதும் குறையன்று. அம்மாவிடம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படி. அப்பாவிடமும் இரண்டு படி. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுக்கிறார்கள். எது வரும் என்பது சீட்டுக் குலுக்கல். இப்படிப் பல மரபணுக்களுக்குப் பல குலுக்கல். அக்காவுக்கு ஒரு கைச்சீட்டு, உனக்கு ஒரு கைச்சீட்டு. பரிசுச் சீட்டு என்று ஒன்று அதில் கிடையாது."

அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ எங்க பாட்டி வெயில்ல பால் மரம் வெட்டுனப்ப அவங்களுக்கு இது நல்லதா இருந்துச்சா, டீச்சர்?" என்று கேட்டாள். பாருங்கள், பிள்ளைகளின் அறிவை! "ஆமாம். பாட்டியின் தோல் அவரைக் காத்தது" என்றேன். அவள் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை, அது அவளுடையது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

அந்த மாணவியின் தாயாரைப் பெற்றோர் சந்திப்பு நாளில் பார்த்தேன். நல்லவர், கடும் உழைப்பாளி. பேச்சுக்கிடையே, இரவுச் சந்தையில் ஒரு களிம்பு வாங்கி மகளுக்குப் பூசி வருவதாகச் சொன்னார். "பொம்பளப் புள்ள கறுப்பா இருந்தா நாளைக்கு எவன் கேப்பான், டீச்சர்?" என்றார். அவர் குரலில் வெறுப்பில்லை, அச்சம்தான் இருந்தது. அவரும் ஒரு காலத்தில் அதே சொல்லைக் கேட்டு வளர்ந்தவராக இருக்க வேண்டும். நான் மட்டும் விதிவிலக்கா? நான் சிறுமியாக இருந்தபோது பள்ளி நாடகத்தில் சீதை வேடம் எப்போதும் வெளுத்த பிள்ளைக்கு. அரக்கி வேடம் எனக்கு. நடிப்பைப் பார்த்துக் கொடுத்ததில்லை. நிறத்தைப் பார்த்துக் கொடுத்தது.

களிம்பைப் பற்றி அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தோலை வெளுப்பாக்குவதாகக் கூறும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து அறிவித்திருக்கிறது. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும். ஆகவே தோல் சில வாரம் வெளுப்பதுபோல் தோன்றும். ஆனால், அது உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரின் கை பட்ட குழந்தைக்கும் தீங்கு உண்டு. நம் நாட்டில் முறையாக அறிவிக்கப்பட்ட ஒப்பனைப் பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண் உண்டு. எண் இல்லாத, தயாரிப்பாளர் பெயர் இல்லாத டப்பாவை வீட்டிற்குள் விடாதீர்கள். எண் இருந்தாலும் பிள்ளையின் தோலுக்கு அது எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1975இல் இந்தியாவில் வெளிவந்து பல நாடுகளில் விற்ற ஒரு புகழ்பெற்ற களிம்பு, தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை 2020இல் நீக்கிக்கொண்டது. வணிகமே ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளும்போது, நாம் வீட்டில் வழங்கும் சொல்லை மாற்றிக்கொள்ள முடியாதா?

அத்தாயார் களிம்பு டப்பாவை அடுத்த நாள் பள்ளிக்குக் கொண்டு வந்து காட்டினார். அதில் எண்ணும் இல்லை; முகவரியும் இல்லை. நகரத்து மருந்தகத்தில் இருப்பவரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். பூசுவதை நிறுத்திவிட்டதாகப் பிறகு சொன்னார். அவர் அச்சம் முழுவதும் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக வந்த அச்சம் ஒரு சந்திப்பில் போய்விடாது.

ஆசிரியர்களுக்குச் சில பரிந்துரைகள்

1. மரபுக் கூறுகளைக் கற்பிக்கும்போது நிறத்தை விட்டுவிட்டு நாக்கைச் சுருட்டுவது, காது மடல் என்று மட்டும் பேசித் தப்பிக்காதீர்கள். பிள்ளைகள் மனத்தில் இருப்பது நிறம்தான். நாம் பேசாவிட்டால் தொலைக்காட்சியும் விளம்பரமும் பேசும்.

2. 'நல்ல மரபணு', 'கெட்ட மரபணு' என்ற சொற்களை வகுப்பில் பயன்படுத்தாதீர்கள். 'வேறு வடிவம்' என்று சொல்லுங்கள். நோய் தரும் மாற்றத்தை மட்டும் நோய் தரும் மாற்றம் என்று சொல்லுங்கள்.

3. வெளுத்த பிள்ளையைத் தாழ்த்திக் கறுத்த பிள்ளையை உயர்த்தாதீர்கள். அது பழைய தவற்றைத் தலைகீழாகச் செய்வதே. வெளுத்த அக்காவும் நம் மாணவிதானே!

4. நாடகத்திற்கும் நடனத்திற்கும் வரவேற்புக் குழுவிற்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். எந்தப் பிள்ளை எப்போதும் பின் வரிசையில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

5. வாய்ப்பிருந்தால் வரி மீன் வளர்த்துப் பாருங்கள். கடையில் புள்ளி போட்ட ஒரு வகையும் கிடைக்கும். 'சிறுத்தை மீன்' என்பார்கள். நெடுங்காலம் அதனை வேறு இனம் என்றே எண்ணியிருந்தார்கள். பின்னர்தான் அதுவும் வரி மீனே, ஒரு மரபணு மாறியதால் கோடு புள்ளியானது என்று தெரிந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் விடுங்கள். அவை ஒன்றாகவே கூடி நீந்தும். அதற்குமேல் நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் எட்டாக்கனி என்று எண்ணுவோர் இன்றும் இருக்கிறார்கள். அப்படியன்று. கோலாலம்பூருக்கு அருகே பண்டார் சன்வேயில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தில் இதே வரி மீனை வைத்து மூளை ஆய்வு செய்திருக்கிறார்கள். சிரம்பானிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான்! நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை அங்கே நுண்ணோக்கியின் முன் அமரலாம். அதற்கு முதலில் அவர் தம்மைப் 'பிழையாகப் பிறந்தவர்' என்று எண்ணாமல் வளர வேண்டும். அந்தப் பொறுப்பு பெற்றோராகிய உங்களிடமும் ஆசிரியர்களாகிய நம்மிடமும் இருக்கிறது.

உங்கள் பள்ளியில், உங்கள் வீட்டில் பிள்ளைகள் இத்தகைய கேள்வி கேட்டதுண்டா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? மறுமொழியில் எழுதுங்கள், எல்லாரும் படித்துப் பயன்பெறுவோம்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.